குளவிக்கூட்டில் போய் விழுந்த ஹெலிகொப்டர்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பதுளை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை பார்க்கும் சதீஸ்குமாருக்குக் கை சும்மா இருக்காது. கழித்துப் போட்ட சாமான்களைச் சேர்த்துச் சேர்த்து முழ நீளத்தில் ஒரு ரிமோட் ஹெலிகொப்டரே செய்துவிட்டான். கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது? ஆனால் அதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அங்கேதான் வந்தது வினை.

போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்தான். தாயில்லாத அவனை வளர்த்த அத்தை விஜயலெட்சுமி, லயத்துக்குக் கீழே மற்றப் பெண்களோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பறக்கவிடுமுன் ஒரு சோதனை உண்டு. ரேடியோ சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். இறக்கையைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். அவனும் கழற்றத்தான் போனான்.

"என்னடா தம்பி, பறக்கும்னு சொல்லிட்டு உருவிக்கிட்டு இருக்க?" என்றாள் கொழுந்து மலையிலிருந்து அந்தப் பெண்களில் ஒருத்தியான பாக்கியலெட்சுமி. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மானம் போகிறதே என்று சோதிக்காமலேயே மேலே ஏற்றிவிட்டான் அந்த மடையன்.

ஜோராகத்தான் ஏறியது. போன் டவர் இருக்கும் மேட்டுப் பக்கம் திரும்பியதும் ரிமோட்டுக்கு அடங்கவில்லை. வேறு சிக்னல் குறுக்கே புகுந்ததோ என்ன எழவோ! நிற்க வேண்டிய மோட்டார் நிற்காமல், நேரே போய் சவுக்கு மரத்துக் குளவிக்கூட்டில் மோதியது. அந்தக் கூடு அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாதா? அதன் கீழே போகையில் வாயைத் திறக்காதே என்று கேட்டே வளர்ந்தவனாயிற்றே!

"குளவிடி! படுங்கடி!"

பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு செடிகளுக்கிடையே விழுந்தார்கள். சதீஸ்குமார் லயத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான்.

விழுந்தடித்து மேலே ஓடிவந்த அத்தை கதவைத் தட்டினாள். "சதீசு, தொறடா!"

அவன் திறக்கவில்லை.

நல்லவேளை, ஒரு உயிரும் போகவில்லை. சாயங்காலம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அத்தை கண் திறக்க முடியாமல் வீங்கிக் கிடந்தாள். கட்டிலைச் சுற்றி மற்றப் பெண்களும் சதீஸ்குமாரும் நின்றார்கள். வேலை மேற்பார்க்கும் கணக்கப்புள்ளை வந்ததும் வராததுமாகப் பெண்களை ஏசினார்.

"கூட்டுக்குக் கீழ நின்னு கத்தியிருப்பீங்க! ஒங்க வாய் சும்மா இருக்குமா?"

பெண்கள் சதீஸ்குமாரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஆமாங்க ஐயா, நாங்கதான் சத்தம் போட்டுட்டோம்" என்றாள் அத்தை. "இந்தப் புள்ளதாங்க ஓடியாந்து என்னயத் தூக்கிட்டு வந்துச்சு."

"நல்ல காரியம் செஞ்சடா" என்று அவர் அவன் தோளைத் தட்டினார். அவனுக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது.

"இல்லைங்க ஐயா. ஹெலிகொப்டர் என்னோடது. சோதிச்சுப் பாக்காம விட்டேன், அது கூட்டுல போய் அடிச்சிருச்சு. அத்தைய நான் தூக்கல. அவங்க கதவத் தட்டத் தட்ட உள்ளயே இருந்தேன்."

அத்தை கையால் துழாவி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நாலு பேருக்கு முன்னால அத ஏன்டா சொன்ன?" என்றாள். அத்தனை கொட்டுக்கும் அழாதவள், அப்போது அழுதாள்.