கூடாரம் கழற்றும் காலை

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில், பிரான்காச்சோப் புறநகரிலிருந்து நகருக்குச் செல்லும் பேருந்தில் அப்பெண்மணியை நாள்தோறும் காண்பேன். வீட்டுவேலைக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த உருவம், வேலைவீட்டு எசமானியான சின்யோரா கொடுத்த பெரிய மேலங்கி. அமர்ந்ததும் மடியில் ஒரு பயணக் கையேட்டை விரிப்பார். அவுஸ்திரேலியச் செம்மண் பாலைவனத்தில், வழிகாட்டியுடன் ஐந்து நாட்கள் கூடாரமடித்துத் தங்கும் சுற்றுலா பற்றியது அது.

ஒருநாள் நான் நகைத்தேன்.

"தங்கச்சி, அகதி முகாமிலை கூடாரத்துக்குள்ளை கிடந்தது காணாதே? காசு குடுத்தும் கிடக்கப் போறியளே?"

அவர் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. ஒவ்வொரு விடியவும் அவரவர் கூடாரத்தை அவரவர்தான் கழட்டவேணுமாம். முகாமிலை மூண்டு வருசம் கிடந்தன். கழட்டிப்போட்டுப் போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இண்டைக்கே பயண முகவரிட்டைப் போய் டிக்கற் எடுக்கப்போறன்."

"உங்களைக் கண்டா, சின்யோராவுக்கோ டிக்கற் எண்டு முகவர் கேப்பான்."

"கேக்கட்டும். எனக்குத்தான் எண்டு சொல்லுவன். பெர்மெஸ்ஸோ கையிலை இருக்கு, வதிவிட அனுமதி இல்லாத ஆளில்லை நான்."

"வேலைக்குப் பிந்தப் போகுது, பிள்ளை!"

"சின்யோரா ஒருநாளைக்குப் பாத்துக்கொண்டு நிக்கட்டும்."

அடுத்த தரிப்பில் இறங்கி, பயண முகவர் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்றார்.

பின்னர் அவரை நான் காணவில்லை. பாலைவனம் சென்றாரோ, அறியேன். ஆயினும், முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டும் அவர் கைகளை இன்றும் காண்கிறேன்.