ஒரு கூரை, ஒரு வீடு

காலை ஏழு மணிக்கு இரத்தினபுரியில் வேன் ஏறினேன். 2006, மே மாத மழை. கலவானவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே மலையில் வெடிப்பு கண்டிருந்தது. வான்படங்களைப் பார்த்துக் கணினியில் அந்தப் பகுதியை வரைந்தவன் நான். மண்சரிவு ஆபத்துள்ள இடத்துக்குள் மூன்று வீடுகள் என்றது என் வரைபடம். மூன்று குடும்பங்களைக் கீழே கூட்டிவர ஒரு வேன் தாராளம் என்று அலுவலகத்தில் அனுப்பிவிட்டார்கள். மடியில் கணினியோடு கொஞ்சம் மிதப்பாகவே உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்குப் போய் இறங்கினால், மூன்று நீளக் கூரைகள். ஒவ்வொன்றின் கீழும் வரிசையாகக் கதவுகள், கூரைக்குப் பன்னிரண்டு குடும்பங்கள். எல்லோரும் மூட்டை கட்டி வாசலில் நின்றார்கள்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், இதே மாதிரி ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன் நான். ஒரு கூரைக்கு ஒரு புள்ளி வையுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னபோது வாயைத் திறந்திருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று பேசாமல் புள்ளி வைத்தேன். வெட்கக்கேடு.

“ஒரு வேன்தானுங்களா சேர்? மத்தது பின்னால வருதுங்களா?” என்றார் யோகேஸ்வரி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற கொழுந்து பறிக்கும் பெண்.

“படத்துல மூணு வீடுன்னு இருந்திச்சு,” என்றேன்.

கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. சாரதி நிசாம் வானத்தைப் பார்த்தார். “மழைக்கு முந்தி எத்தின நட போய் வர ஏலும், சேர்?”

“புள்ளைங்களயும் வயசானவங்களயும் ஏத்துங்க. நாங்க நடந்து வந்துர்றோம்,” என்று யோகேஸ்வரியே முடிவு செய்தார். கைக்குழந்தையை ஒரு கிழவியின் மடியில் ஏற்றிவிட்டு, பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அவர்களைத் தங்கவைக்க ஒதுக்கியிருந்த பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர் கீழே. வேன் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கடைசியில் நடந்தவர்கள் தொப்பலாக நனைந்து வந்தார்கள். மண் அன்று இறங்கவில்லை. அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

புறப்படும்போது யோகேஸ்வரி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்.

“சேருக்கு எந்த ஊருங்க?”

“கொழும்பு,” என்றேன்.

“அதானே. கொழும்புல பொறந்தவங்களுக்கு லயத்தப் பத்தி எப்படிங்க தெரியும்? ஒங்க மேல தப்பில்லங்க சேர்.”

நான் தலையாட்டினேன்.