தனகோட்டி மண்டியின் எரியாத பேரேடுகள்

1. எரிந்ததாகச் சொல்லப்பட்டவை

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல் நடந்த வருடங்களில், கள்ளக்குறிச்சியைச் சுற்றி எரிந்த பஸ்களைவிட எரிந்ததாகச் சொல்லப்பட்ட கணக்குப் புத்தகங்கள் அதிகம். பஸ் எரிந்தால் இரும்புக் கூடாவது மிஞ்சும். கணக்குப் புத்தகம் அந்த விஷயத்தில் உத்தமம். அதன் சாம்பலைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

வரித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னிடம், "கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார் கணக்கு எழுதினீங்க?" என்று கேட்கிறார்கள். கையால்தான் எழுதினோம். அதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. எழுதிய கணக்கை இல்லை என்று சொல்லும்படி வாடிக்கையாளரான பார்ட்டியே கேட்டால் என்ன செய்வது என்பதுதான் கடினமான பாடம். அதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு அம்மாள் வீதியில் நின்று சத்தம் போட்டுச் சொன்னார்.

நான் அப்போது சேல்ஸ் டாக்ஸ் பிராக்டிஷனர், அதாவது வியாபாரிகளுக்கு விற்பனை வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஊர் என்னை ஆடிட்டர் என்றது. ஆடிட்டர் படிப்பை நான் விடவில்லை, அதுதான் என்னை விட்டுவிட்டது என்று கொஞ்ச காலம் எல்லோருக்கும் விளக்கிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லாததால் பட்டத்தை ஏற்றுக்கொண்டேன். கடைவீதி மாடியில் ஒரு அறை, அதில் ஒரு பீரோ, கீழே ஒரு மொபெட். மொபெட்டுக்குப் பெட்ரோலும் போட வேண்டும், மேடு வந்தால் மிதிக்கவும் வேண்டும்.

என் பார்ட்டிகளில் பெரியவர் தனகோட்டி. புளி மண்டி வைத்திருந்தார். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வரும் புளியையும் கடுக்காயையும் வாங்கி வெளியூருக்கு லாரியில் அனுப்புவார். வாங்கும்போது சரக்கின் எடை குறையும். விற்கும்போது கூடும். பில் போடும்போது மறுபடியும் குறையும். ஒரே மூட்டையின் இந்த மூன்று எடைகளுக்கும் நடுவே முகம் சுளிக்காமல் நிற்பது என் பேரேட்டின் வேலை.

அந்த வருடம் அவருடைய இரண்டு லாரிகள் பில் இல்லாமல் செக்போஸ்ட்டில் பிடிபட்டன. எல்லாக் கணக்குப் புத்தகங்களையும் விழுப்புரத்து ஆபீசில் காட்டும்படி நோட்டீஸ் வந்தது. காட்டினால் மாட்டிக்கொள்வார். அந்த இரண்டு லோடும் கணக்கில் இல்லை என்பது எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் தெரிந்துவிடும். காட்ட வேண்டிய தேதியில்தான் மறியல் வந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் ஓடவில்லை, ஆபீசும் நடக்கவில்லை. கேட்டதில் நியாயம் உண்டா இல்லையா என்று ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தனகோட்டி மட்டும் விழுந்து கிடந்த மரங்களை வேறு கண்ணோடு பார்த்திருக்கிறார். புளியமரத்தால் அவருக்கு எப்போதும் லாபம்தான்.

2. என் மொபெட்டும் எரிந்தது

அதுவரை என் மாடிப்படியை மிதித்தறியாத தனகோட்டி, மறியல் ஓய்ந்த ஒரு நாள் மூச்சு வாங்க ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆடிட்டரே, நம்ம நோட்டெல்லாம் எங்க?"

"இதோ பீரோவுல இருக்குதுங்க மொதலாளி."

"இல்ல. எரிஞ்சு பூட்டுது."

நான் திரும்பிப் பீரோவைப் பார்த்தேன். சிவப்புத் துணி அட்டை போட்ட மூன்று பேரேடுகளும் சௌக்கியமாக இருந்தன.

"தேதி வந்துச்சா? நீங்க கடமைக்கு அஞ்சி, நோட்ட எடுத்துக்கினு வண்டில விழுப்புரம் போய்க்கினு இருந்தீங்க. தியாகதுருகம் தாண்டி மரம் கெடந்துது. கும்பலா வந்து நோட்டப் புடுங்கிக் கொளுத்திட்டானுங்க. இதான் நடந்துது."

"மொதலாளி, என் வண்டி தியாகதுருகம் வரைக்கும் போவாதுங்க. ஊருல எல்லாருக்கும் தெரியும்."

"வண்டியும் எரிஞ்சு பூட்டுது. வேணும்னா மெய்யாலுமே கொளுத்திடலாம். புது வண்டி நான் வாங்கித் தரேன்."

இந்த இடத்தில் புது வண்டி என்ன நிறம் என்று நான் யோசித்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். நீதி நூல்கள் நிறையப் படித்தவன்தான். ஆனால் அவற்றை எழுதியவர்களில் யாரும் அந்த மொபெட்டை மிதித்ததில்லை.

"புத்தகம் இல்லன்னா ஆபீசர் உத்தேசமா டர்ன்ஓவர் போட்டு அதுக்கு வரி கேப்பாருங்க."

"போடட்டும். உத்தேசத்த எப்படிக் கொறைக்கணும்னு எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல ஏட்டு கிட்டயும் வாய்ச்சொல்லா சொல்லி வெச்சிருக்கேன். பந்தோபஸ்துக்கே ஆளில்ல, ஆயுத பூஜ கழிச்சு வந்து எழுதிக் குடுங்கன்னாரு. அதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். கொளுத்தினவன் பேரு ஒண்ணு ரெண்டு வேணும். பேரில்லாத கம்ப்ளெயிண்ட்ட ஆபீசர் நம்ப மாட்டான்."

"யாரு பேருங்க?"

"நம்ம அந்தோணி இல்ல? அவன் பேருதான்."

அந்தோணி அந்த மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த இளைஞன். ஓங்கிய குரல். தராசுத் தட்டில் கட்டை விரலை வைக்கும்படி தனகோட்டி சொன்னபோது, அவன் விரலை வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையின் எடையையும் மலைக்காரர்களுக்குக் கேட்கும்படி கூவத் தொடங்கினான். கடைசி ஜீப்பில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தன் மூட்டை எவ்வளவு என்று தெரிந்துவிடும். தனகோட்டி அவனை வெளியே அனுப்பினார். அவன் கவலைப்படவில்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. அவன் மேல் வழக்கு இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு வரி எழுதிப் போனால் வேலை. வழக்கு இருந்தால் வேலை அந்த வரியோடு முடிந்தது.

"அவனுக்கு வெரிஃபிகேஷன் இன்னும் முடியலீங்களே மொதலாளி."

"அதான்" என்றார் தனகோட்டி.

"மறியல் பண்ணவங்க அந்தோணி ஆளுங்களே இல்லீங்க. அவன் சர்ச்சுக்குப் போறவன். அவங்க கேட்டது வேற சாதிக்குங்க."

"கும்பல்ல எவன் எந்தச் சாதின்னு போலீசு சட்டையக் கழட்டியா பாக்குது? நீங்க கம்முனு கையெழுத்து போடுங்க. நோட்டு மட்டும் வெளிய தல காட்டக் கூடாது. பூஜ கழிச்சு நானே வந்து எடுத்துக்கிறேன்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் மிக அதிகம் உபயோகப்பட்ட வாக்கியம் அதுதான்.

3. யோசித்தது

நிஜமாகவே யோசித்தேன். கையெழுத்துப் போடாமல் விலகிவிடலாம். ஆனால் தனகோட்டி பேரேடுகளை எடுத்துக்கொண்டுபோய் வேறு யாராவது வண்டியில் எரித்ததாகச் சொல்வார், அந்தோணியின் பெயர் அப்படியே இருக்கும். நேரே வரி ஆபீசில் போய்ச் சொல்லலாம். பார்ட்டியைக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வந்தால், நேர்மையான பார்ட்டிகள்கூட என்னிடம் வரமாட்டார்கள். நேர்மையானவர்களுக்கும் கணக்கில் வராத ஒன்றிரண்டு லோடு இருக்கும். அந்தோணியிடமே சொல்லிவிடலாம். அவன் மண்டிக்குப் போய் முதலாளியின் சட்டையைப் பிடிப்பான். பொய் வழக்குக்குப் பதிலாக மெய் வழக்கு வரும்.

இப்படி நான் எல்லாப் பக்கமும் யோசித்து ஒரு பக்கமும் நகராமல் இருந்தபோது, அந்தோணியே படியேறி வந்தான். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. வேலை கிடைத்துவிட்டவன் போலவே சட்டையை உள்ளே விட்டிருந்தான்.

"சார், எங்க தெருவுக்குப் போலீசு விசாரிக்க வருவாங்களாம். ஊருல பெரிய மனுசங்க ரெண்டு பேர் பேரக் குடுன்னாங்க. சர்ச் ஃபாதர் பேரு ஒண்ணு குடுத்துட்டேன். உங்க பேரையும் சொல்லலாங்களா?"

"எம் பேரா?"

"ஆமாங்க. அந்தோணி நல்லவன்தான்னு சொல்லுவீங்க இல்ல?"

"சொல்லுவேன்."

"அப்பன்னா வேல கெடச்ச மாதிரிதாங்க" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி, "வெண்டக்கா புடிக்கலன்னா சொல்லுங்களேன், எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

4. சரோஜா அம்மாள் வீதியில் நின்று சொன்னது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கடைவீதி முழுக்கப் பூசணிக்காயும் வாழைக்கன்றும் பொரி மூட்டைகளுமாக இருந்தது. கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆடிட்டர் சார்! ஓ ஆடிட்டர் சார்!"

எட்டிப் பார்த்தேன். தனகோட்டியின் மனைவி சரோஜா அம்மாள். கையில் பூ, பின்னால் பூசணிக்காயோடு ரிக்ஷா.

"நாளைக்கிக் காலைல நோட்டெல்லாம் கொண்டாந்துடுங்க. வருசா வருசம் நானே ஞாபகப்படுத்தணுமா?"

எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு ஆயுத பூஜை என்றால் தராசும் படிக்கல்லும் மட்டுமல்ல. கணக்குப் புத்தகங்கள் கடைக்கு வந்தாக வேண்டும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அன்றைக்கு ஒரு நாள் அவற்றில் யாரும் எழுதுவதில்லை. ஆகவே அன்றைக்கு ஒரு நாள் அவற்றில் பொய்யும் ஏறுவதில்லை. தனகோட்டி எல்லாவற்றையும் யோசித்திருந்தார். பூஜை கழிந்ததும் புகார், பூஜை கழிந்ததும் எரிப்பு என்று தேதி போட்டவர், நடுவில் பூஜை ஒன்று இருப்பதை மட்டும் மறந்திருந்தார். வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

"இல்லீங்கம்மா, மொதலாளி இந்த வருசம் நோட்டு வேணாம்னு..."

"அவுருக்கு இன்னா தெரியும்? தராசுக்குப் பொட்டு, தட்டுக்குப் பொட்டு, கணக்குக்கு இல்லன்னா சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா? நோட்டு இல்லாத இன்னா பூஜ? நீங்க கொண்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க சொன்னா சரிங்கம்மா."

அவர் ரிக்ஷா ஏறிப் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே துணிச்சல், முதலாளியின் மனைவி பேச்சைத் தட்டாமல் இருந்தது.

5. ஊர்வலம்

மறுநாள் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, மூன்று பேரேடுகளையும் மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். மேலே துணி போடவில்லை. சிவப்பு அட்டை வெயிலில் பளபளத்தது. மண்டிக்குக் குறுக்குச் சந்து உண்டு. அதில் போகவில்லை. கடைவீதி நெடுகப் போனேன். பெட்ரோல் இருந்தும் மிதித்துக்கொண்டே போனேன்.

"நோட்டு பூஜைக்குப் போவுதா சார்?"

"ஆமாங்க. தனகோட்டி மண்டிக்கு!" என்று ஒவ்வொருவருக்கும் அந்தோணி எடை கூவுகிற குரலில் பதில் சொன்னேன். எரிந்துபோன பேரேடுகளும் எரிந்துபோன மொபெட்டும் அப்படி ஊர் பார்க்கப் போனது அநேகமாக அதுதான் முதல் தடவை.

மண்டி வாசலில் கூட்டம். தனகோட்டி புது வேட்டியில், திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பின்னால் பேரேடுகளைப் பார்த்தார். பூசணிக்காய் அப்படியே அந்தரத்தில் நின்றது.

சரோஜா அம்மாள் வந்து பேரேடுகளை வாங்கி, சரஸ்வதிக்கு முன்னால் வைத்து, அட்டைக்கு அட்டை அழுத்தி அழுத்திப் பொட்டு வைத்தார். பொரி வாங்க வந்த கூட்டத்தில் மஃப்டியில் ஏட்டும் இருந்தார். அவர் கொஞ்சம் பொரியை வாயில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னா மொதலாளி, கணக்கு நோட்டெல்லாம் எரிஞ்சு பூட்டுதுன்னீங்க? அது வேற நோட்டா?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பூஜை மணி அடிப்பது நின்றிருந்தது.

"எது எரிஞ்சுது?" என்று சரோஜா அம்மாள் திரும்பினார். "நல்ல நாளும் அதுவுமா யார் வூட்டு நோட்டு எரிஞ்சுதுன்னு சொன்னது? நீங்களா சொன்னீங்க?"

தனகோட்டி பூசணிக்காயைக் கீழே போட்டார். உடைக்கவில்லை, போட்டார். அது தானாகவே உடைந்தது.

"வதந்தி" என்றார். "எவனோ கெளப்பி வுட்ட வதந்தி."

"நல்லதாப் போச்சு. எனக்கும் எழுதற வேல மிச்சம்" என்றார் ஏட்டு. "சுண்டல் இல்லையா அண்ணி?"

எனக்கும் சுண்டல் கொடுத்தார்கள். அந்த ருசியில் சுண்டல் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

6. வேலை போனது, சோறு இறங்கியது

கூட்டம் கலைந்ததும் தனகோட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா மனுசன்யா நீ? நாளையிலருந்து இந்த மண்டிப் பக்கம் தல காட்டாத."

"சரிங்க மொதலாளி" என்றேன். இவ்வளவு மனப்பூர்வமாக நான் யாருக்கும் சரி சொன்னதில்லை. என் வரும்படியில் பெரிய பங்கு அந்த ஒரு சரியில் போய்விட்டது. மொபெட்டை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. வீட்டில் அன்றும் வெண்டைக்காய்தான். இரண்டாம் தடவை போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

ஊரே பார்த்த பிறகு மறைக்க வழியில்லாமல், பேரேடுகள் சந்தனப் பொட்டோடு விழுப்புரத்து ஆபீஸ் மேசைக்குப் போயின. வரியும் அபராதமும் கட்டினார். தனகோட்டி அதனால் ஒன்றும் அழிந்துவிடவில்லை. பிறகு கல்யாண மண்டபம் கட்டினார். திறப்பு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போய்ச் சாப்பிட்டேன். கணக்கு வேறு ஒருவர் எழுதினார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வரவில்லை.

ரொம்ப நாள் கழித்து, ஒரு வேலையாக வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலைப்பாதையின் முதல் வளைவில் பின்னாலிருந்து ஒரு ஓங்கிய குரல் கேட்டது. திரும்பாமலே தெரிந்துவிட்டது. மூட்டையின் எடையைக் கூவிய அதே குரல் இப்போது நிறுத்தத்தின் பெயரைக் கூவியது. காக்கிச் சட்டை, தோளில் பை, கொஞ்சம் தொப்பை.

"சார்! நல்லா இருக்கீங்களா? அப்ப உங்க பேரக் குடுத்தேனே, அந்த ராசி சார். விசாரண ஒரு தொந்தரவும் இல்லாம முடிஞ்சுது. யாருமே ஒரு வார்த்த தப்பா சொல்லல."

"அப்படியா? நல்லது" என்றேன்.

பூஜையன்று என்ன நடந்தது என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. வராத வழக்கைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்? நல்லபடியாக முடிந்த வேலை என்றால், அது நடந்ததே சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமல் இருப்பதுதான். தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடமும் அவ்வளவுதான். பார்ட்டி கணக்கை மறைக்கச் சொன்னால் அவரோடு சண்டை போட வேண்டாம், உபதேசமும் வேண்டாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும். பக்கத்தில் ஒரு சரோஜா அம்மாள் இருந்தால் இன்னும் நல்லது.

நான் நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அந்தோணியின் முகம் மாறியது.

"இன்னா சார் இது? காலைல மொத டிரிப்புல நூறு ரூவா நோட்ட நீட்டினா நான் எங்க போறது? கணக்கு எழுதற நீங்களே சில்லற இல்லாம வந்தா மத்தவங்கள நான் இன்னான்னு கேக்கறது?"

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சில்லறை இல்லாததற்குத் திட்டு வாங்கிக்கொண்டு, என்னைப் போல் நிம்மதியாக அந்த மலையில் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள்.