ஆயிஷா பேரைக் கூப்பிடுங்க

ஸ்கூல் ஸ்கூலாப் போய், பேச்சு சரியா வராத பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளுக்கு எந்த ஸ்கூல்லயும் சொந்தமா ஒரு நாற்காலி கிடையாது. செவ்வாய், புதன் ஸ்ரீரங்கம். திங்கள், வியாழன் திருச்சி டவுன். பையில ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, படக்கார்டு, ஸ்ட்ரா, சோப்புத் தண்ணி டப்பா. இதே பொழைப்புல இருக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன, நம்மளை எங்க உட்கார வைப்பாங்கன்னு!

குமிழி வியாதி

ஸ்ரீரங்கம் ஸ்கூல்ல எனக்கு ஒதுக்கினது விளையாட்டுச் சாமான் அறை. மூச்சை நிதானமா விடப் பழகட்டும்னு ஒரு பொண்ணுக்கு சோப்புக் குமிழி ஊதக் கொடுத்தேன். குமிழி ஜன்னல் வழியா கிரவுண்டுக்குப் பறந்துடுச்சு. அவ்வளவுதான், மறுவாரம் வாசல்ல எட்டுப் பேர் வரிசை. ஒருத்தி தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இன்னொருத்தன் தனக்குப் பேச்சே வரலைன்னு மூச்சு விடாம விளக்குறான்.

எல்லாரையும் கிளாசுக்கு விரட்டினேன். ரெண்டாவது படிக்கிற வைஷ்ணவி மட்டும் அடம் பிடிக்காம கிளம்பினா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னா: "இன்னிக்குப் பேச்சு நல்லா வருது மிஸ். அடுத்த செவ்வாக்கிழமை வராது."

முந்திக்கொண்ட அத்தா

டவுன் ஸ்கூல்ல நாலாவது படிக்கிற ஆயிஷாவுக்குப் பேச்சு திக்கும். காலையில அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப "பிரசன்ட் மிஸ்" சொல்ல எழுந்தா முதல் எழுத்துலயே நின்னுடும், பசங்க சிரிப்பாங்க. பாவம் பிள்ளைன்னு கிளாஸ் டீச்சர் அவ பேரைக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க, தானே டிக் போட்டுடுவாங்க. ஒரு வருஷமா இதே கதை. ‘என் பேரை மட்டும் கூப்பிட மாட்டாங்க’ன்னு அவ எனக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினா. எனக்கு மனசே ஆறலை.

சவூதியிலேர்ந்து லீவுல வந்திருந்த அவ அப்பாவை வரச் சொன்னேன், அத்தான்னுதான் கூப்பிடுவா. பாசமான மனுஷர். உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்னு பிள்ளைகிட்ட கேட்டேன், பிரியாணிங்கறார் அவர். பிரெண்டு யாருன்னேன், பாத்திமாங்கறார். கடைசியில, இனிமே கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னேன். கையால வாயைப் பொத்திக்கிட்டு எண்ணினார். ஆயிஷா திக்கித் திக்கி, தனக்குப் பிரியாணியே பிடிக்காதுன்னு சொல்லி முடிச்சா.

அத்தா முகத்தைப் பார்க்கணுமே! "ஊருக்கு வர்றப்பல்லாம் அதைத்தானேம்மா வாங்கிட்டு வர்றேன்!"

என் வண்டவாளம்

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பயிற்சி. உதட்டை அழுத்தாம, மெதுவாக் காத்தை விட்டு வார்த்தையைத் தொடங்கணும். ஒரு நாள் ஆயிஷா வீட்டுப் பூனையைப் பத்திச் சொல்லிட்டிருந்தா. "எங்க பூனை... பூனை..."ன்னு நிக்குது. பெல் அடிக்கப் போகுது. பெரிய நிபுணர் நான், "குட்டி போட்டுச்சா?"ன்னு முந்திட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தா. அவசரமே படாம சொன்னா: "ஓ... ஓடிப்போச்சு மிஸ். நீங்க பத்து எண்ணலை."

வியாழக்கிழமை காலை

இனிமே அவ பேரைக் கூப்பிடுங்க, கூப்பிட்டுட்டுப் பத்து எண்ணுங்கன்னு டீச்சர்கிட்ட கெஞ்சினேன். எல்லார் முன்னாடியும் பிள்ளை அழுதுட்டா என்ன பண்றதுன்னு பயந்தாங்க. நியாயமான பயம், எனக்கும் அதே பயம்தான். யாரும் சிரிக்கக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது, கை தட்டவும் கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லி வெச்சோம்.

"ஆயிஷா"ன்னாங்க டீச்சர். அவ எழுந்து நின்னா. பேனா ரிஜிஸ்டர் மேல நிக்குது, டீச்சர் உதடு அசையுது, எண்ணுறாங்க. வாசல்ல நான் துப்பட்டா நுனியை முறுக்கிட்டு நிக்கிறேன். "பி... பி... பிரசன்ட் மிஸ்." திக்கத்தான் செஞ்சுது, திக்கட்டுமே! டீச்சர் டிக் போட்டுட்டு, எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க. ஆயிஷா உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டுச் சிரிச்சா. நான் சத்தியமா அழுதுட்டேன்.

இடைவேளையில டீச்சர் தேடிட்டு வந்தாங்க, கண்ணெல்லாம் சிவந்து. "ஏழு எண்ணுறதுக்குள்ள சொல்லிட்டா மேடம். ஒரு வருஷமா அந்த ஏழு செகண்டைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கலையே."

பிள்ளைங்களைப் பேச வைக்கத்தான் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க, நான் பார்க்கிற உத்தியோகம் என்னவோ பெரியவங்களைப் பத்து எண்ண வைக்கிறதுதான்.