பனியில் விழுந்த தங்கை

விழுந்ததும் தங்கை சிரித்தாள். அதனால் முதலில் எனக்குப் பயம் வரவில்லை.

நாங்கள் இருவரும் சிட்னியின் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரே வீட்டில் இருக்கிறோம். போன குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பழகலாமென்று ஸ்னோவி மலைக்குக் காரில் போனோம். வாடகைக் கடையில் கொடுத்த ஹெல்மெட் அவளுடைய கொண்டைக்கு மேல் சரியாக உட்காரவில்லை.

"சரி, விடு. சின்னப்பிள்ளையள் சறுக்கிற இடம்தானே" என்றேன். ஹெல்மெட் காரிலேயே கிடந்தது.

மூன்றாவது தடவை அவள் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த ஒருவன் மோதினான். வெயில் படாத பனி கல்லுப்போல் இறுகியிருந்தது. அவளுடைய பின்தலை அதில் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். அவளோ சிரித்தபடி எழுந்து உட்கார்ந்து ஜாக்கெட்டைத் தட்டினாள்.

"ஒண்டுமில்லை அக்கா. நாங்கள் எத்தனை மணிக்கு வந்தனாங்கள்?"

"ஒன்பது மணிக்கு."

தலையாட்டிவிட்டுக் கையுறையைத் தேடினாள். பிறகு அதே குரலில், "அக்கா, நாங்கள் எத்தனை மணிக்கு வந்தனாங்கள்?"

"பகிடி விடாதை."

"என்ன பகிடி?" என்று விழித்தாள். சற்று நேரத்தில் மூன்றாம் தடவையும் அதையே கேட்டாள்.

அவள் எழும்பப் பார்த்தாள். தோளைப் பிடித்து அமர்த்தினேன். மேலேயிருந்து இன்னொருவர் வந்து மோதிவிடாமலிருக்க என் சறுக்குப் பலகைகளைக் கழற்றிச் சற்று மேலே குறுக்காக நட்டுவிட்டு, இரண்டு கைகளையும் வீசிக் கத்தினேன். சிவப்பு ஜாக்கெட் போட்ட மீட்புப் பணியாளர் ஒருத்தி வந்து அவளுடைய கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் தங்கை கேட்டாள்: "அம்மா எங்க? காருக்குள்ளயா?"

அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே இல்லை. பணியாளர் என்னிடம் ஏதோ கேட்டாள், எனக்கு ஆங்கிலமே வாயில் வரவில்லை.

அவளை இழுவண்டியில் படுக்கவைத்து இறக்கி, ஆம்புலன்சில் அடிவாரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்து முடியும்வரை வெளியே கதிரையில் இருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

இரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, சில வாரம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் எங்களை அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், "நான் ஏன் ஹெல்மெட் போடேல்லை?" என்று கேட்டாள். அந்தக் காலைப்பொழுது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

"நான்தான் தேவையில்லையெண்டு சொன்னனான்."

அவள் கார் சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சிட்னி வரும்வரை, மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதும், பொறுக்காமல் கூப்பிடுவதுமாக ஓட்டினேன்.

"ஓம் அக்கா, முழிச்சுத்தான் இருக்கிறன்" என்றாள் எரிச்சலோடு. "றோட்டைப் பாருங்கோ."