எனக்குப் படிக்கத் தெரியாத கணக்குகள்

மூன்றாம் வகுப்பில் என் மூத்த மகள் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் கூட்டித்தான் வைப்பாள். ஒரு பெட்டியில் இருபத்துநாலு பென்சில், ஆறு பெட்டி என்றால் முப்பது என்று எழுதுவாள். வாய்ப்பாடு தெரியாமல் இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லுவாள். வெறும் எண்களாகக் கொடுத்தால் பெருக்கியும் விடுவாள். அதையே நாலு வரியில் ஆளும் சாமானுமாக எழுதிக் கொடுத்தால்தான் வம்பு. பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"கூட்டணுமா, பெருக்கணுமா?"

எனக்குப் பதில் தெரியாது. கணக்கு வராதவள் இல்லை நான். அந்தப் புத்தகம் மலையாளத்தில் இருந்தது.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். என் கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ், எழுத்தும் படிப்பும் மலையாளம். அவர் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கராக இருக்கிறார். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு மகள்களையும் பக்கத்து அரசுப் பள்ளியில் மலையாள வழியில் சேர்க்கலாம் என்று அவர் சொன்னபோது நான் கொஞ்சம் தயங்கினேன்.

"இங்கதான இருக்கப்போறோம், இங்கத்த பாஷை வேண்டாமா?" என்றார். அங்கேயே சேர்த்தோம்.

பேச்சு மலையாளம் எனக்குக் கடைத்தெருவுக்குப் போதுமான அளவு வந்துவிட்டது. எழுத்துதான் பிடிபடவில்லை. பாகற்கொடி பற்றிக்கொள்ள நீட்டுகிற கம்பிகள் போல எல்லாம் சுருண்டு சுருண்டு கிடக்கும். எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை அவர் வந்துதான் பார்க்கவேண்டும். அவர் வருவதற்கு எட்டரை மணி ஆகிவிடும். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "இது குணிக்கணும், இது கூட்டணும், இதுவும் குணிக்கணும்" என்று விரலால் தொட்டுக்கொண்டே போவார். இங்கே பெருக்குவதைக் குணிப்பது என்பார்கள். அவள் எழுதிவிடுவாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே கணக்கு எண் மாறி வந்தால் மறுபடியும் கூட்டிவைத்துவிட்டு வருவாள்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்தின வருஷம் வகுப்பில், 'ஆகெ' என்று வந்தால் கூட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகெ என்றால் மொத்தம். இவள் கணக்கைப் படிப்பதே இல்லை. அந்த ஒரு சொல்லைத் தேடுவாள், கண்டுபிடித்ததும் கூட்டிவிடுவாள். பெருக்கல் கணக்கிலும் கடைசியில் 'ஆகெ எத்ர', மொத்தம் எத்தனை, என்றுதானே கேட்கிறான்!

ஆடி மாத மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கடையில் சரக்கு வந்திருப்பதால் வரத் தாமதமாகும் என்று அவர் போன் செய்துவிட்டார். மறுநாள் வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை இருந்தது. வேறு வழியில்லாமல் நான் உட்கார்ந்தேன்.

"என்ன போட்டிருக்குன்னு சொல்லுட்டி" என்றேன்.

கடகடவென்று மலையாளத்தில் படித்தாள்.

"எனக்கு அப்படியெல்லாம் விளங்காது. தமிழ்ல சொல்லு. யாரு, என்ன செஞ்சாங்க?"

"ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழாம்மா. கசேர போட்டிருக்காங்க. ஓரோ வரியிலும் பதினெட்டு. ஏழு வரி."

"வரின்னா? எழுதுற வரியா?"

"அய்யோ. வரிசை!"

"சரி, வரிசை. பதினெட்டு நாற்காலி கொண்டு வந்தாங்க. அப்புறம் ஏழு நாற்காலி கொண்டு வந்தாங்க. அப்படித்தானே?"

நான் வேண்டுமென்று கேட்கவில்லை. அவள் சொன்ன வேகத்தில் எனக்கு அப்படித்தான் கேட்டது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏழு கசேர இல்லம்மா. ஏழு வரிசை. அம்மாக்கு மனசிலாவலையா? முதல் வரிசையில பதினெட்டு பேர் இருப்பாங்க. அதுக்குப் பின்னாடி வேற பதினெட்டு பேர். அதுக்கும் பின்னாடி..." கையைத் தரையில் பரத்தி வரிசை வரிசையாக வைத்துக் காட்டினாள். நாலாவது வரிசையில் கை நின்றுவிட்டது. "அப்ப கூட்டினா வராது" என்றாள், என்னிடம் இல்லை, தரையிடம்.

"பின்னே என்ன செய்யணும்?"

"குணிக்கணும்."

"ஆமா, பெருக்கணும்" என்றேன் நான். இரண்டாம் வகுப்பில் இருந்த இளையவள், அவளுக்கு அந்தச் சொல் ஒரே ஒரு வேலையைத்தான் குறிக்கும், எழுந்து போய் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்று பேரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் நூற்றி இருபத்தாறு என்ற விடை வந்தது.

அன்றிலிருந்து கணக்கு என் வேலையானது. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுவாள், நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பேன். யார் வாங்கினது, எதற்கு வாங்கினது, ஒரு கூடையில் எவ்வளவு, எத்தனை கூடை. பாதி கேள்விகள் அசட்டுக் கேள்விகளாகத்தான் இருக்கும். எனக்கு விளக்கிச் சொல்லும்போது அவளுக்குப் பொறுமை போய்விடும், அதோடு கணக்கும் புரிந்துவிடும். ஓணப் பரீட்சையில் கணக்குக்கு ஏ கிரேடு வாங்கி வந்தாள். அவர் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்லிக்கொடுத்தே?" என்று கேட்டார். "நான் ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கல" என்றேன். அது உண்மைதான்.

அந்த ஓணத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை வாய்ப்பு வந்தது. கீழ்வீட்டுச் சேச்சி, எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி, தனக்குத் தெரிந்த ஒரு ஸ்கேன் சென்டரில் முன் மேசைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். போய்ப் பார்த்தேன். மேலாளர் நல்ல மனிதர். டாக்டர் சீட்டு ஒன்றைக் காட்டி, அதன் அடியில் மலையாளத்தில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். எனக்குப் படிக்க வராது என்று சொன்னேன். இப்போது இருக்கும் பெண் ஜனவரியில் பிரசவத்துக்குப் போகிறாள், அதற்குள் படிக்கப் பழகிவிட்டு வாருங்கள் என்றார்.

பழகினேன். சின்னவளின் பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கினேன். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வருகிற பஸ்களின் போர்டுகளையெல்லாம் உதட்டுக்குள் எழுத்துக்கூட்டுவேன். ஒருநாள் 'விதுர' என்று ஒரு போர்டை, யாரும் சொல்லாமல், நானே படித்துவிட்டேன். நான் போகவேண்டிய ஊர்கூட இல்லை. ஆனாலும் அந்த பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று இருந்தது.

ஐப்பசி வாக்கில் கணக்குப் புத்தகமும் எனக்குத் திறந்துகொண்டது. மூத்தவள் வாயைத் திறக்குமுன்பே, "ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு தென்னை" என்று நானே தமிழாக்கிப் படித்துச் சொன்னேன். அவள் கண்ணை அகட்டிக்கொண்டு கைதட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கணக்கையும் படித்தேன், அதற்கு அடுத்ததையும். கதையை நானே சொல்லி, கேள்வியையும் நானே கேட்டு, அவள் திணறினால் பதிலுக்குப் பாதி வழியும் நானே போய்விடுவேன். வேலை சீக்கிரம் முடிந்தது. கொஞ்ச நாளில் அவள் மறுபடியும் என் முகத்தைப் பார்த்து, "கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்க ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது, விளையாட்டுப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் சி வந்தது. விடைத்தாளை என்னிடம் நீட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, பயமாக இருந்தது. "நான் பக்கத்துலயே இருந்து சொல்லிக்கொடுத்தேனேட்டி" என்றேன்.

"நீதான சொன்ன!" என்று அழுதாள். "எல்லாத்தையும் நீதான சொன்ன. முன்னெல்லாம் நான்தான் உனக்குச் சொல்லுவேன். இப்ப உனக்கு எல்லாம் அறியும். எனக்குத்தான் ஒண்ணும் அறியாது."

அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்று கிடைத்ததில் அவளுக்கு ஒன்று போயிருந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு வீட்டில் தன்னால் மட்டும் முடிகிற காரியம் என்று வேறு என்ன இருக்கும்?

மறுநாள் தெரியாதவள் போல உட்கார்ந்து, "என்ன போட்டிருக்கு, சொல்லு பார்ப்போம்" என்றேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "நடிக்காதம்மா. நீ வாசிச்சாச்சு. உன் கண்ணு அங்கதான் போச்சு." படித்த எழுத்தைப் படிக்காமல் இருக்க எனக்கும் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், அவளுக்கு அது பிடிக்கவில்லை. விடுமுறை முழுக்க நாங்கள் கணக்குப் பக்கமே போகவில்லை.

ஜனவரியில் வேலைக்குப் போனேன். காலை பத்திலிருந்து இரவு ஏழு வரை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து கீழ்வீட்டுச் சேச்சியிடம் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் சேச்சியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"அம்மா, ஒரு கணக்கு."

"சேச்சிகிட்ட கேளேன்."

"சேச்சி உடனே உத்தரம் சொல்லிருவாங்க. உங்கிட்ட புத்தகம் இல்லல்ல?"

"இல்லை."

"அப்ப கேளு" என்றாள். குரலில் பழைய அதிகாரம் வந்திருந்தது.

அன்று காத்திருப்பு அறையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். மேசையில் சீட்டுகளை அடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

"பள்ளிக்கூடத்துல டூர் போறாங்க. அஞ்சு பஸ். ஒவ்வொரு பஸ்ஸிலயும் நாப்பத்திரெண்டு குட்டிகளும் ரெண்டு டீச்சரும். ஆகெ எத்ர பேர் போனாங்க?"

எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கணவரை உள்ளே அனுப்பிவிட்டு, வந்ததிலிருந்து புடவைத் தலைப்பை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தவர். அவர் சட்டென்று மலையாளத்தில், "இருநூற்றிப் பன்னிரண்டு" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"யாரும்மா அது?"

"இங்க ஒரு ஆன்ட்டி. அவங்க சொன்னது சரியா?"

"இல்ல. ரெண்டு டீச்சர் ஒரே பஸ்ஸில போனா, மத்த நாலு பஸ் குட்டிகளை யாரு பாத்துப்பாங்க? ஓரோ பஸ்ஸிலயும் ரெண்டு டீச்சர் உண்டு." கொஞ்சம் முணுமுணுப்பு கேட்டது. "இருநூத்தி இருபது!"

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "மோள் எத்ராம் கிளாஸிலா?" என்று கேட்டார். மூன்று என்றேன். தன் பேத்தியும் மூன்றுதான், மகனோடு கழக்கூட்டத்தில் பிளாட்டில் இருக்கிறாள், அவளிடம் இந்த பஸ் கணக்கைக் கேட்கப் போகிறேன் என்றார். கணவர் வெளியே வரும்வரை தலைப்பை அவர் தொடவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு மேலாளர் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, நோயாளிகள் இருக்கும் இடத்தில் போன் கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஐந்தரைக்குத் தேநீர் இடைவேளையில் மாடிப்படிக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்றேன், சம்மதித்தார். மார்ச் வரை அந்தப் படிக்கட்டுதான் எங்கள் கணக்கு வகுப்பு. சில நாள் சரியாக வந்தது. சில நாள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். சில நாள் இளையவள் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஆண்டுப் பரீட்சை முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கணக்குக்கு பி. ஒரு கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டு, அவசரத்தில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதி வைத்திருந்தாள். டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு புகார் இருந்தது.

"கணக்கு வகுப்பில் ரொம்பப் பேசுகிறாள். பக்கத்துப் பிள்ளையிடம் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு தடவை இடம் மாற்றிவிட்டேன். போகிற இடத்திலும் பேசுகிறாள்."

என்ன கதை என்று கேட்டேன். டீச்சர் யோசித்தார். "கணக்கைத்தான் கதையாகச் சொல்கிறாள் போல" என்றார்.

எனக்குத் தெரிந்த மலையாளத்தில், தட்டுத்தடுமாறி, மழைநாள் முதல் மாடிப்படி வரை எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் நான் நின்றபோது, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். முடித்ததும், "சரி, பேசட்டும். கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றார்.

வெளியே வாகை மரத்தடியில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மூத்தவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"கணக்கு போடும்போது மெதுவாப் பேசணுமாம்."

அவள் சந்து முனை வரை அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தாள்.

"மெதுவாச் சொன்னா எனக்கே கேக்காதேம்மா" என்றாள்.