முதல் கவளத்தோடு

பஜ்ஜி மடித்துத் தரும் காகிதத்தைக்கூட எண்ணெயை ஒற்றிவிட்டுப் படிப்பவன் நான். அப்படிப்பட்டவன், வாழ்நாளில் கடைசி வரிவரை படித்தே ஆகவேண்டிய ஒரு காகிதத்தை ஏழாவது வரியோடு நிறுத்தி, எட்டாகக் கிழித்து, மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடை வாசலிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். வெட்கப்பட வேண்டிய காரியந்தான். ஆனால் அன்று ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட திருப்தியோடு பக்கத்துக் கடையில் நின்று காபி குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காகிதம் என் அத்திம்பேருடையது. அதாவது அக்காவின் கணவருடையது. அவருக்குக் கணையத்தில் பாதியை அறுத்து எடுத்திருந்தார்கள். மிச்சப் பாதி, மாற்றல் உத்தரவு வந்துவிட்ட குமாஸ்தாவைப்போல, இடத்தில் இருந்ததே தவிர வேலை பார்க்கவில்லை. சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் என்ஸைம் சுரக்காததால், உள்ளே போன பருப்பும் நெய்யும் உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியேறின. அறுபத்திரண்டு கிலோ மனிதர் ஐம்பதுக்கு வந்திருந்தார். அந்த என்ஸைமைக் காப்ஸ்யூலாக எழுதிக்கொடுத்தார் டாக்டர். வாங்கி வரும் பொறுப்பு எனக்கு. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த சீட்டின் ஏழாவது வரியில்தான் இருந்தது, இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்று.

அத்திம்பேர் பிஸ்கட் பாக்கெட்டைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி அகப்பட்ட பிறகே பிரிக்க அனுமதிப்பவர். தெரிந்தால் விழுங்கமாட்டார், விழுங்காவிட்டால் தேறமாட்டார் என்று நானே விசாரித்து நானே தீர்ப்பும் எழுதினேன். சீட்டைக் கிழித்தேன். காப்ஸ்யூல்களை ஒரு வெறும் டப்பாவுக்கு மாற்றினேன். வீட்டுக்குப் போனதும் அத்திம்பேர், “எப்போ சாப்பிடணும்னு போட்டிருக்கு?” என்று கேட்டார். எட்டாவது வரியில் போட்டிருந்திருக்கும். “சாப்பிட்டு அரைமணி கழிச்சு, வெந்நீர்ல” என்றேன், கண்ணிமைக்காமல். எங்கள் குடும்பத்தில் தலைவலி முதல் மூட்டுவலி வரை எல்லா மாத்திரைக்கும் அதுதான் விதி.

நான் சொன்னதை அவர் சந்தியாவந்தனம் மாதிரி செய்தார். மோர்சாதம் முடித்து, கையலம்பி, கடிகாரத்தைப் பார்த்து அரைமணி உட்கார்ந்து, ஆவி பறக்கும் டம்ளரோடு ஒரு காப்ஸ்யூல். இரண்டு மாதம். வேஷ்டி கட்டுகிறவர் இளைப்பது வேஷ்டியில் தெரியாது. மணிக்கட்டில் இருக்கவேண்டிய அந்தக் கடிகாரம் முழங்கைவரை போய்த் திரும்பியபோது தெரிந்தது. நாற்பத்தேழு. அடுத்த முறையும் இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்குவழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா நெய்க்கரண்டியைப் பெரிதாக்கினாள்.

அந்த அடுத்த முறை, அடையாற்றில் டாக்டருக்காகக் காத்திருந்த பெஞ்சில், எங்கள் பக்கத்தில் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா தன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பாவைத் திறந்தார். வீட்டுக்காரர் முதல் துண்டு இட்லியை வாயில் போட்டதுமே அந்தம்மா ஒரு காப்ஸ்யூலைக் கொடுத்தார். பாதி காவி, பாதி கண்ணாடி நிறம், அத்திம்பேருடையதேதான். இரண்டு இட்லி தள்ளி இன்னொன்று. அத்திம்பேர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

“இன்னா சார் பாக்குற? ஒனக்கும் இதே மாத்திரயா?” என்றார் அந்தம்மா.

“இதேதாம்மா. நான் சாப்பிட்டு அரைமணி கழிச்சு, வெந்நீர்ல போட்டுக்கறேன்.”

வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அந்தம்மா, “எவன் சொன்னான்?” என்றார்.

அத்திம்பேர் என் பக்கம் கையைக் காட்டினார். “மச்சினன். நிறைய படிச்சவன்.”

செவுளைத் தூக்கிப் பார்த்து மீனைக் கீழே வைப்பதுபோல அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்திம்பேரிடம் மட்டும் பேசினார். “மீனு படகுலேர்ந்து எறங்கசொல்லோவே ஐஸ் போடணும் சார். நாறுனதுக்கு அப்பால கொட்டி இன்னா பிரயோசனம்? சோறு உள்ள போவசொல்லோ மாத்திரயும் கூடவே போவணும். மொத வாய்க்கு ஒண்ணு, பாதி துன்னுகினு இருக்கசொல்லோ ஒண்ணு. கடிக்காத. சுடுதண்ணி ஊத்தி அத்த வேகவெச்சிடாத, பச்சத்தண்ணி போதும். நடுவுல வடை துன்னாலும் மாத்திர கீதான்னு பாத்துட்டுத் துன்னு.”

உள்ளே போனதும் டாக்டர் அதையே சொன்னார், மீனும் ஐஸும் இல்லாமல். சாப்பாட்டோடு கலந்தால்தான் இந்த என்ஸைம் வேலை செய்யும், சூடு பட்டால் கெட்டுவிடும் என்றார். எந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று அத்திம்பேருக்கானதைத் தனியே எழுதிக்கொடுத்தார். எடை மேலும் இறங்காமல் நாற்பத்தேழிலேயே இருந்ததால், குழாய்க்கு மட்டும் ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

மறுநாள் முதல் பருப்புசாதத்தின் முதல் கவளத்தோடு ஒன்று, ரசத்துக்குக் கை நீட்டுமுன் ஒன்று. அந்த ஒரு மாதம் அத்திம்பேர் எடை பார்த்த நாட்களில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், ஏறி நின்றவன் நான் என்பதுபோல. நாற்பத்தேழிலேயே நின்றது. பிறகு நாற்பத்தெட்டரை. குழாய்ப் பேச்சு அதோடு போயிற்று. இப்போது ஐம்பத்தேழு. போன மாதம் தி.நகரில் ஒரு கல்யாணத்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார். பரிமாறுகிறவர் அவசரப்படுத்த, இவர் சட்டைப்பையிலிருந்து நிதானமாக ஒரு காப்ஸ்யூலை எடுத்தார். எதிர் இலையில் இருந்த எனக்கு, நான் சம்பாதிக்காத ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில்தான், வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பன்றி, சீட்டு, குப்பைத் தொட்டி. மன்னிப்பும் கேட்டேன்.

“பன்னியா? அது மொத நாளே டாக்டர் சொல்லிட்டாரே. நீ அப்போ கான்டீன்ல வடை சாப்டுண்டு இருந்தே” என்றார் அத்திம்பேர். “மருந்துக்கு ஏதுடா ஆசாரம்? அவர் சாப்பாட்டோடன்னுதான் சொன்னார். நீ அப்புறம்னே. காகிதத்தைப் படிச்சவன் நீதானேன்னு விட்டுட்டேன்.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அந்தப் பன்னி பாவம், தன்னால ஆனதைச் செய்யத்தான் வந்துது. குறுக்கே படுத்தது நீதான்டா.”